நீ எழுப்பாமல் விட்ட கை

உன் மர ஸ்கேல் இப்போது பரோட்டா வாசனை அடிக்கிறதடி.

இன்று காலை ஓ.பி.யில் அதைத் திருப்பிக் கொடுத்தவர் சுடலைமுத்து. கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் சாப்பிட வரும் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஸ்கேலைச் செய்தித்தாளில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினார். "நல்லா சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொண்டாந்தேன் டாக்டரம்மா. எண்ணெ வாசம் மட்டும் போவ மாட்டேங்கு" என்றார். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். முட்டை, வெங்காயம், டால்டா எல்லாமே இருந்தது. நீ இருந்திருந்தால், "ஐயையோ, எங்காத்து ஸ்கேல்!" என்று பொய்க்குக் கத்திவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "கையோட ரெண்டு பரோட்டாவும் கொண்டுவந்திருக்கப்படாதோ?" என்று கேட்டிருப்பாய்.

ஆறு வாரத்துக்கு முன் அவர் முதல்முதலாக வந்தபோது வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையை முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் தொங்கவிட்டபடி அசந்து தூங்கியிருக்கிறார். எழுந்தால் கை எழவில்லை. என்னைச் சுற்றி நின்ற ஐந்து மாணவர்களில் ஒருத்தி உடனே, "ரேடியல் நெர்வ், மேடம்" என்றாள். சரியான பதில்தான். ஆனால் அவர் கேட்டது நரம்பின் பெயரை இல்லையே. "இந்தக் கை இனிமே மாவு வீசுமா டாக்டரம்மா? அத மட்டும் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். முகம் வெளிறியிருந்தது.

 தொங்கிய மணிக்கட்டைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப என் விரலைப் பிடிங்க" என்றேன். பிடித்தார். நன்றாக இறுக்கிப் பிடித்தார். தன் பிடியைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் உன் வீட்டு மாடியில் என் முகம் அப்படித்தான் இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து உன் ஸ்கேலை எடுத்து, அவர் மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டினேன்.

மணிக்கட்டைத் தாங்கும் ஆஸ்பத்திரியின் நல்ல பட்டை இரண்டு நாளில் வந்துவிட்டது. மனுஷன் ஸ்கேலைத் திருப்பித் தந்தால்தானே! "இது ராசியான கட்டை. வீட்டுக்கு அது, கடைக்கு இது" என்று சொல்லிவிட்டார். ஆறு வாரமும் அதைக் கட்டிக்கொண்டு பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று இடது கையால் முட்டை உடைத்திருக்கிறார். வாசனை வராமல் என்ன செய்யும்?

நம் கதையை அவரிடம் சொல்லவில்லை. உனக்கே எழுதலாம் என்று தோன்றியது.

முதல் வருஷம், பிணத்தை வெட்டிப் படிக்கும் மேஜையில் நீயும் நானும் ஒரே பக்கம். ஃபார்மலின் நெடியில் கண்ணெரிந்து, "ஏட்டி, மயக்கமா வருது" என்று நான் எனக்கே முனகிக்கொண்டது உன் காதில் விழுந்துவிட்டது. "அப்பாடி, தமிழா நீ?" என்று நீ கூவிய கூவலில் மலையாளம் மட்டுமே கேட்கும் அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. நீ வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். நான் தென்காசியிலிருந்து வீடு கட்ட வந்த கொத்தனாரின் மகள். உன் அம்மா முதல் நாள் என் ஊர், குலம், கோத்திரம் எல்லாம் விசாரித்தாள். இரண்டாம் நாளிலிருந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மோர்க்குழம்பு என்றால் இரண்டு கரண்டி கூடவே விழும்.

நாம் படித்த அழகை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். புத்தகத்தில் உள்ள படம் உனக்கு மண்டையில் ஏறாது. அதனால் என் கைதான் உன் நோட்டு. தோளிலிருந்து விரல்வரை நீலப் பேனாவால் நரம்பு, சிவப்புப் பேனாவால் ரத்தக் குழாய். பஸ்ஸில் போகும்போது நடந்துபோகிறவர்களை எல்லாம் நோயாளி ஆக்கிவிடுவாய். "அந்த மாமாவைப் பாரு, முன்பாதம் தூக்கலை, முட்டியை ஒசத்தி ஒசத்தி வைக்கறார். முட்டிக்கு வெளிப்பக்கம் போற நரம்பு போயிருக்கு." "இந்த மாமிக்கு முட்டி தேய்ஞ்சிருக்கு, கால் ரெண்டும் வில்லா வளைஞ்சுடுத்து." ஒருநாள் ஒருவர் இடுப்பு சரியச் சரிய நடந்துபோனார். இடுப்புத் தசை பலவீனம் என்று நீ தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நின்று, செருப்புக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு நேராக நடந்து போனார். அன்று முழுக்க உன்னை ஓட்டினேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. மறுநாள் அனாட்டமி பரீட்சை. உன் வீட்டு மாடியில், உன் தாத்தா காலத்து மர நாற்காலியில் உட்கார்ந்து கைநரம்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் வேலையைக் காட்டின. "அரை மணி நேரம் கண்ண மூடுதேன், எழுப்பிரு" என்றேன். "சரிடி" என்றாய். கையை நாற்காலி முதுகுக்குப் பின்னால் போட்டுத் தூங்கிவிட்டேன். நீ எழுப்பவில்லை. மூன்று மணி நேரம் கழித்து நானாகத்தான் எழுந்தேன். "எப்படித் தூங்கறே தெரியுமோ! எழுப்ப மனசே வரலைடி" என்றாய். எனக்குச் சண்டை போடக்கூட நேரமில்லை. ஏனென்றால் புத்தகத்தை எடுக்க நீட்டிய கை, மணிக்கட்டில் மடங்கி விழுந்துவிட்டது.

நான் நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். பிறகு நானும் நீயும் ஒரே நேரத்தில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தோம். அதே நரம்பு. மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் இடம், அங்கே அழுத்தினால் என்ன ஆகும் என்று படம் வேறு. படத்தில் இருந்த கை என் கைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் நீ கிள்ளினாய். தெரியவில்லை. இன்னும் பலமாகக் கிள்ளினாய். தெரியவில்லை. உன் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

எனக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! எலும்பு டாக்டர் ஆக வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது அதை நேராக்கிக் கொடுத்த டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு ஆசையே கிடையாது. வலது கை இல்லாமல் யார் கத்தி பிடிக்கிறது? "ஏட்டி, என் கைய கெடுத்துப்புட்டியே" என்று கத்தினேன். நீ என் கையைத் தூக்கி உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

கேஷுவாலிட்டியில் இருந்த சீனியர் டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்பு அறுந்துபோகலை, நசுங்கியிருக்கு, அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான். ஆறு எட்டு வாரத்தில் சரியாகும். ஆகணும்" என்றார். அந்த 'ஆகணும்' எனக்குப் பிடிக்கவே இல்லை. 'சனிக்கிழமை ராத்திரி வாதம்' என்று இதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு, குடித்துவிட்டு நாற்காலியில் சாய்கிறவர்களுக்கு வருவது என்றும் சொன்னார். அதை நீ வீட்டில் போய் அப்படியே ஒப்பித்தாய். உன் அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "குடிகாராளுக்கு வரதா? இவ எங்காத்துல மோர்தானேடி குடிச்சா!" அந்தத் துக்கத்திலும் நான் சிரித்துவிட்டேன்.

பட்டை செய்கிற பிரிவு சாயங்காலமே பூட்டிவிட்டது. பரீட்சையோ காலையில். பேனாவைப் பிடித்துப் பார்த்தேன், நழுவி விழுந்தது. நீ உன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். மணிக்கட்டைக் கீழே மடக்கி விரலை மூடிப் பார்த்தாய். நிமிர்த்தி மூடிப் பார்த்தாய். திடீரென்று குதித்தாய். "இங்க பாருடி! மணிக்கட்டு தொங்கினா என் விரலும்தான் இறுகமாட்டேங்கறது! விரலை மடக்கற நரம்புகள் வேற, அதெல்லாம் உனக்கு நன்னா இருக்கு. மணிக்கட்டை மட்டும் தூக்கிக் குடுத்தா போறும், உன் கை எழுதும்!" உன் மர ஸ்கேல், கொஞ்சம் பஞ்சு, உன் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த நாடா. உள்ளங்கைப் பக்கம் வைத்துக் கட்டினாய். பேனா நின்றது. என் பெயரை எழுதினேன். கோழி கிளறின மாதிரிதான் இருந்தது, ஆனாலும் என் பெயர். அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன், திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தேன்.

பரீட்சை முழுக்க அந்த ஸ்கேலோடு எழுதினேன். விரல்கள் தாமாக விரியாததால், பேனாவைக் கீழே வைக்க மட்டும் இடது கை வரவேண்டியிருந்தது. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வில் வெளியூர் எக்ஸாமினர் என் கையைப் பார்த்து, "இதெந்தா, ஸ்கேலோ?" என்று கேட்டார். கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் காத்திருந்த உன்னைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். நரம்பு எங்கே புறப்படுகிறது, எங்கே நசுங்கியது, முழங்கையை நீட்டும் தசை ஏன் தப்பித்தது, எல்லாம் தண்ணி பட்ட பாடாகச் சொன்னாய். "எப்படி நசுங்கியது?" என்று அவர் கேட்டாரோ இல்லையோ, "நான்தான் சார் எழுப்பலை" என்று ஓவென்று அழுதாய். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உனக்கு எல்லாம் தெரியும், அலாரம் வைக்க மட்டும்தான் தெரியவில்லை என்றார். இரண்டு பேருமே பாஸ்.

ஆனால் கை வரவில்லை. தினமும் காலையில் நீ கேட்பாய்: "போலீஸ் காட்டு." ட்ராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையை விரித்து நிறுத்திக் காட்ட வேண்டும். தினமும் தொங்கும். "நாளைக்கு" என்பாய். என் பையைத் தூக்கினாய், ஜடை பின்னினாய், சாதம் பிசைந்து கொடுத்தாய். உன் குற்ற உணர்ச்சியை நானும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன், பொய் சொல்வானேன். நேந்திரங்காய் உப்பேரி மட்டும் எத்தனை பொட்டலம் வாங்கித் தந்திருப்பாய்! நாலாம் வாரம் போய் ஐந்தாம் வாரம் வந்தபோது எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. என் முன்கைத் தசை ஒன்று உன் விரலுக்கடியில் துடிப்பதாக நீ சொன்னாய். நான் நம்பவில்லை. நீ என்னைத் தேற்றுகிறாய் என்றே நினைத்தேன்.

ஆறாம் வாரம் ஒரு திங்கட்கிழமை. வலியசாலை பஸ் ஸ்டாப். ஸ்கேலை அவிழ்த்துப் பையில் வைத்திருந்தேன். பஸ் வேகமாக வந்தது. யோசிக்காமல் வலது கையை நீட்டினேன். கை நின்றது. உள்ளங்கை சாலையைப் பார்த்து நிமிர்ந்து நின்றதடி! பஸ்ஸும் கிறீச்சென்று நின்றது. நீ, "நின்னுடுத்து! நின்னுடுத்து!" என்று அலறினாய். இரண்டு பேரும் நடுத்தெருவில் கட்டிக்கொண்டு குதித்தோம். ஏறவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "கேறணில்லே? பின்னே எந்தினா கை காணிச்சது?" என்று கத்தினார், ஏறாவிட்டால் எதற்குக் கை காட்டினீர்கள் என்று. நீதான் பதில் சொன்னாய். "பஸ்ஸுக்கு இல்ல சேட்டா! கை நிக்குமான்னு பார்த்தது!" அவர் தலையில் அடித்துக்கொண்டு இரட்டை மணி கொடுத்தார்.

அப்புறம் நான் எலும்புக்குப் போனேன், நீ அனாட்டமி சொல்லிக்கொடுக்கப் போனாய். ஏன் என்று கேட்டால், "உயிரோட இருக்கறவாளை எழுப்ப எனக்குத் தெரியாது. இந்த மேஜையில கிடக்கறவாளை எழுப்பவே வேண்டாம்" என்பாய். போன வருஷம் நோயில் மூன்றே மாதம்தான் படுத்தாய். கடைசியாகப் பார்த்தபோது உனக்குப் பேச மூச்சு போதவில்லை. நான் படுக்கைக்குப் பக்கத்தில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மெல்லக் கண்ணைத் திறந்து, "போலீஸ் காட்டு" என்றாய். காட்டினேன். "பாஸ்" என்றாய்.

உன்னை வழியனுப்பிவிட்டு அதே ஸ்டாப்புக்கு வந்தேன். பஸ் வந்தது, கை காட்டினேன், நின்றது. கால் எழவில்லை. இந்த முறை கண்டக்டர் ஒரு பெண். "எந்தா சேச்சி, கேறணில்லே?" என்று மென்மையாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல நீ இல்லை. "ஒண்ணுமில்ல மோளே, கை நிக்குதான்னு பாத்தேன்" என்று நானே சொன்னேன். சொன்னதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்து மணியடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து உன் ஸ்கேல் என் ஓ.பி. மேஜையில்தான் இருக்கிறது. மாணவர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். நரம்பின் பெயர் அப்புறம், முதலில் தொங்குகிற கையைத் தூக்கிப் பிடியுங்கள். இன்று சுடலைமுத்துவிடம், "போலீஸ் காட்டுங்க" என்றேன். புரியாமல் விழித்தார். நான் செய்து காட்டியதும் உள்ளங்கையை விரித்து நிறுத்தினார். ஐந்து பிள்ளைகளும் கைதட்டினார்கள். "பாஸ்" என்றேன். 

அவர் போனபின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்ஸுக்கு வலது கையை நீட்டினார். கை நின்றது. பஸ்ஸும் நின்றது.

மனுஷன் ஒழுங்காக ஏறிப் போய்விட்டார், நம்மைப் போலப் பைத்தியம் இல்லை. குதித்தது நான்தான், ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.