அறுபது கேள்விக்கு அக்காவின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ காதில் கேட்டது நிஜம்தான், வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் லிப்ட் கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் ஆனது என் தயவில். அவருடைய குணம் எப்படி என்று கேட்ட அறுபது கேள்விக்கும் பதில் எழுதியது நான். அதுவும் என் குணத்தை!

போன வருஷம் அந்தப் பதவிக்கு மூன்று பேர் போட்டி. குணத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்போம், சம்பளமும் அதை வைத்துத்தான் என்று கேள்வித்தாளை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். கூட்டத்தில் உங்கள் பேச்சுதான் எடுபட வேண்டுமா என்பது முதல் கேள்வி. உன் அத்தானோ ஆறிப்போன காபியைக்கூடத் திருப்பி அனுப்பாதவர். "இல்லைன்னு போடட்டுமா?" என்றார். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். சண்டைக்கு அஞ்ச மாட்டேன், எடுத்த முடிவை மாற்ற மாட்டேன், தப்பு என்மேல் இருக்கவே இருக்காது. ஒரு வார்த்தை பொய்யில்லை. உன்னையும் அத்தானையும் மேய்த்த அனுபவம். உறையை ஒட்டி அவர் பையில் வைத்தேன்.

வேலை கிடைத்தது, சம்பளம் இரட்டிப்பு. அதில் பாதி என் துணிச்சலுக்கு, பாதி என் வாய்க்கு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். தெருவுக்கே தெரியும்.

ஆனால் மனுஷன் இதுவரை மேசையை ஒரு தட்டுத் தட்டவில்லை. இவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த 'சிங்கம்' தட்டிய தட்டில் மேசைக் கண்ணாடியே விரிசல். பயந்துகொண்டு யாரும் பழுதை வெளியே சொன்னதில்லை. இவர் காலையில் முதல் வேலையாக லிப்ட் பழுது பார்க்கிற ஃபிட்டர்களிடம் போய், "எங்கப்பா மாட்டிக்கிச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்கிறார். முதலாளி கேட்கிற கேள்வியா? இருந்தும் நடுவழியில் நிற்கிற லிப்ட் பாதியாகக் குறைந்துவிட்டது. கைவிட்டுப் போன ஆஸ்பத்திரி ஆர்டரும் திரும்பி வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

இப்போது உனக்கும் அதே மாதிரிக் கேள்வித்தாள். "அக்கா, அத்தானுக்கு எழுதினதையே எனக்கும் எழுதி அனுப்பு. இந்தப் பதவி போச்சுன்னா, நான் வேலை சொல்லிக்கொடுத்தவன் எனக்கே மேலதிகாரியா வந்துடுவான்" என்று போனில் அழாத குறை. கவலைப்படாதே. அறுபதும் மனப்பாடம். தனித்தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். அப்படியே பார்த்து எழுது. தலை நிமிர்ந்து உட்காரடா, என் கண்ணே.

உன் நன்மையையே நினைக்கும்
அக்கா

பி.கு.: தனித்தாள் வைக்கவில்லை. தாள் தேடி அத்தானின் பழைய பையைத் திறந்தேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அதைக் கொடுத்திருந்தா உன்னைத்தானே வேலைக்குக் கூப்பிட்டிருப்பாங்க?" என்று சிரிக்கிறார். 'என்னைப் பற்றி ஃபிட்டர்களைக் கேளுங்கள்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாராம். உன்னுடையதை நீயே எழுதிவிடு, தம்பி. என் உறை அந்தப் பையிலேயே இருக்கிறது. நான் ஒட்டிய ஒட்டுக்கூட விடவில்லை.