நாலு பட்டைத் தண்டு

குனோங் ராபாட்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சீனி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் சண்டை வருகிறது என்று நீதானே சொன்னாய், அதனால் கடிதம்.

நம் பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டை வீடு கட்ட எடுக்கிறார்கள். அவரவர் குழியைக் காட்டினால் எலும்பை எடுத்துத் தருவார்களாம். "காட்டலைன்னா எல்லாரும் ஒரே குழிதான் லா" என்றார் கோயில் ராஜு அண்ணே. எனக்குக் கவலையில்லை. நீ அம்மா தலைமாட்டில் நட்ட பூனைமீசை இன்னும் பூக்கிறது. இதோடு படம் வைத்திருக்கிறேன், பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கேதான் பால் ஊற்றுகிறேன்.

அம்மா கனவில் வருகிறார். முதுகை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன கோபமோ.

தம்பி
சீனி

பெர்த்
30 செப்டம்பர் 2024

சீனிக்கு,

படத்தைப் பார்த்தேன். அது பூனைமீசை இல்லையடா. ஒரே காம்பில் ஐந்து விரல் விரித்த இலை, அது வேளைக்கீரை. பூவில் மீசை இருந்தால் போதுமா? நான் நட்டபோது நீ சின்னப் பையன், அதனால் திட்டவில்லை.

பூனைமீசை துளசி இனத்துச் செடி. தண்டை விரலில் உருட்டு, நாலு பட்டையாகத் தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். அம்மாவின் சிறுநீரகத்துக்குத் தினமும் நான் காய்ச்சிக் கொடுத்த செடி, எனக்கா மறக்கும்? வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும். தேடிப் பார். மற்றவர்களைப் பற்றி நமக்கென்ன, அம்மாவை மட்டும் எடுத்துவிடு.

அக்கா
கலாதேவி

குனோங் ராபாட்
3 நவம்பர் 2024

அக்கா,

கிடைத்துவிட்டது. பக்கத்து மேடுதான். பை வைக்க இடம் வேண்டுமென்று வருஷா வருஷம் நான் வெட்டி எறிந்த புதர்தான் பூனைமீசை. உருட்டினேன், நாலு பட்டை. தோண்டியபோது அம்மாவின் சிவப்புக்கல் மூக்குத்தியும் இருந்தது. எலும்பை எரித்து அஸ்தியைக் கரைத்தாயிற்று. வேரை வீட்டில் தொட்டியில் வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி வேளைக்கீரை மேட்டை விட்டுவிட்டேன். தேடி யாரும் வரவில்லை. அங்கிருந்த எலும்பைப் பொதுக்குழியில் போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன். அவர் வந்தார். முதல்முறையாகத் திரும்பினார். நான் பார்த்தே இராத முகம், அக்கா.

"தம்பி, இந்த வருசம் பால் கொண்டு வரலியா?" என்று கேட்டார்.

இத்தனை காலம் வந்தது அம்மா இல்லை. இனி எங்கே போய் அவருக்கு ஊற்றுவேன்? பயமாக இருக்கிறது. கடிதம் எழுதாதே, போன் செய். திட்டினாலும் பரவாயில்லை.

சீனி