இடது சுவரின் நத்தைகள்

16 மார்ச் 2025

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து அப்பாவின் வேனில் குகைக் கோவிலுக்குப் போனோம். பெரியவர்கள் கூட்டிப் பெருக்க, நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் சந்நிதிக்கு இடப்பக்கம், ஈரம் கசியும் வெடிப்பில், கடுகைவிடச் சற்றுப் பெரிய நத்தைகள். செம்பழுப்பு ஓடு. அதன் வாய் மேல்நோக்கித் திரும்பி, நாதஸ்வரத்தின் நுனிபோல் விரிந்திருக்கிறது. ஒரு சாண் இடத்தில் நாற்பத்தொன்று; எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒன்றை உள்ளங்கையில் எடுத்தேன், கொம்பு நீட்டியது. பாவமாக இருந்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

இந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். பிறகு குன்றாயிற்று. பிறகு கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள் வந்து சாலைக்கும் ரயில் பாதைக்கும் உடைத்தார்கள். எதிர்க்குன்று முழுவதும் போய்விட்டது. அங்கே இப்போது பச்சைத் தண்ணீர்க் குட்டை. இரண்டு குன்றுகள் இருந்தால்தானே பள்ளத்தாக்கு? ஒன்று மட்டும் நின்றால் அதற்கு என்ன பெயர்?

17 மார்ச்

நோன்புக்கஞ்சி கொடுக்க வந்த மாடிவீட்டு நஸ்ரின் அக்காவிடம், நேற்று ஃபோனில் எடுத்த நத்தைப் படத்தைக் காட்டினேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறார். "எங்க லெக்சரருக்கு அனுப்புறேன். ஆனா படம் ரொம்ப மங்கல் லா" என்றார். என் ஃபோன் அப்படி.

30 மார்ச்

மிச்சமிருக்கும் எங்கள் கோவில் குன்றையும் உடைக்க ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறதாம். அடுத்த மாதக் கடைசியில் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அப்பாதான் கோவில் செயலாளர். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. கமிட்டி முடிவு: குகைச் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பெயின்ட் அடிப்பது. பளிச்சென்று இருந்தால் யாரும் கைவிட்ட இடம் என்று சொல்ல முடியாதாம்.

சுவர் முழுவதுமா?

2 ஏப்ரல்

இடது சுவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கமிட்டியிடம் கேட்டேன். தலைவர் இராமலிங்கம் அங்கிள், "நத்தைக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லு மா, அதையே அடிச்சிடுவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

வேனில் சொன்னார்: "கோவிலே போயிடுமோன்னு நான் பயந்துகிட்டு இருக்கேன். நீ நத்தைங்கிற."

அவர் சொல்வதும் சரிதானே.

13 ஏப்ரல்

அடித்துவிட்டார்கள். மஞ்சள். வேண்டாம்னு கத்தியிருக்கணும். பெயின்ட் வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் — ஏன்?

14 ஏப்ரல்

புத்தாண்டு. பாயசம். கையிலிருந்து பெயின்ட் வாசனை போகவில்லை.

20 ஏப்ரல்

அதிகாரிகளுக்கு மலாயில் கடிதம் எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான். கோவில் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதி, மஞ்சள் சுவரின் படத்தை இணைத்தேன். ஒரு பிழைகூட இல்லை.

29 ஏப்ரல்

அதிகாரிகள் வந்தார்கள். அழகாக இருக்கிறது என்று சுவரைப் பாராட்டினார்கள். போகும்போது, கோவிலுக்கு வேறு இடத்தில் மனை தரலாம் என்றார்கள். குன்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

8 மே

நஸ்ரின் அக்கா படியிறங்கி ஓடிவந்தார். லெக்சரரின் பதில். இப்படியோர் நத்தை ஓட்டை அவர் பார்த்ததில்லையாம். வேறெங்கும் இல்லாத இனமாக இருந்தால், குன்றை உடைக்கக்கூடாது என்று ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் மங்கலான படம் போதாது, உயிருள்ள நத்தை வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு போதும் மா."

நாற்பத்தொன்று இருந்தன.

அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்தார்.

11 மே

நாளை சித்ரா பௌர்ணமித் திருவிழா. வாசலில் பந்தல் வேலை. அப்பா மட்டும் இடது சுவரடியில் மண்டியிட்டு, ஃபோன் வெளிச்சத்தில், வேன் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குத் திருவிழா, என்ன சிவநேசன் இது?" என்றார் இராமலிங்கம் அங்கிள். அப்பா திரும்பவில்லை.

"கடுகு மாதிரின்னா சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

"கொஞ்சம் பெருசு பா."

ஒரு மஞ்சள் சில்லை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஓர் ஓடு ஒட்டியிருந்தது. விரிந்த வாய் நிறையப் பெயின்ட்.

"இதுவா?"

தலையாட்டினேன். குறிப்பேட்டைத் திறந்து, எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் போடப் போனேன்.

"எழுதாத மா. மேல இன்னும் பாக்கல."

பந்தல்காரர்களின் ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார். நான் பிடித்துக்கொண்டேன்.