மச்சாளின் பன்பை

மச்சாள்,

நீங்கள் பன்புல்லால் பின்னிய பன்பை இப்போது என் குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே தொங்குகிறது. செத்தவீடு முடிந்த மறுநாள் உங்கள் மகள் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அம்மா இதை மாமிக்குக் குடுக்கச் சொன்னவ" என்றாள். கிட்டப் பிடித்தால் தவிடும் கறிவேப்பிலையும் கலந்த உங்கள் வீட்டு வாசம். ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள், யாருக்காவது கொடுத்திருக்கலாம். எனக்குக் கொடுக்கச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளை மறுநாள் உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு. சமையல் சாமான் வாங்க நேற்று இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுக வீதிக் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேற்று அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முதல் மற்றதை எழுதவேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்து அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பஞ்ச காலத்தில், ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை போட்டு, கொண்டு போகிறவர்களைப் பொலிசார் வழிமறித்துப் பறித்துக்கொண்டிருந்தார்களே, அப்போதும் நீங்கள் தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி, உங்கள் தம்பியும் நானும் குடியிருந்த வீட்டுக்கு வந்தீர்கள். பையின் அடியில் சீலைத் துண்டில் கட்டிய அரிசி. அதற்கு மேல் வெண்டிக்காய், கீரை. எல்லாவற்றுக்கும் மேலே நாறுகிற கருவாடு ஒன்று. "கை விட்டுப் பாக்கிறவன் பாக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். பிடிபட்டிருந்தால் பொலிசுக்குப் போகவேண்டி வந்திருக்கும். அதைப் பற்றி ஒரு கதையும் கதைக்க மாட்டீர்கள். என் மூத்தவன் அந்த அரிசியில்தான் வளர்ந்தான். பாண் வாங்கக் கடை வரிசையில் நான் நின்ற நாட்களைவிட உங்கள் சோறு தின்ற நாட்கள்தான் கூட.

பிறகு காலம் மாறி, வெளிநாட்டுச் சாமான்கள் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கின. துறைமுக வீதியில் அந்தச் சுப்பர் மார்க்கட்டைத் திறந்தார்கள். சாமான் வாங்கப் போனவர்களைவிட வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான் அதிகம். உயரத் தட்டுகள், குழாய் விளக்கு, கையில் தூக்கிக்கொண்டு திரிய வயர்க்கூடை. நானோ கந்தோரில் தட்டச்சு அடிக்கிறவள். எனக்கு அந்த நாளில் எடுப்பும் நடப்பும் ஒரு முழம் கூட. நீங்கள் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்ற உங்களை இழுத்துக்கொண்டு போனேன்.

வழி முழுக்க என் பெரிய கதைதான்.

"இஞ்ச ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்கத் தேவையில்லை மச்சாள். வேணுமெண்டதை நீங்களே எடுத்துப் பையில போடலாம்."

"உண்மையாவோ? ஒருத்தரும் ஏச மாட்டினமோ?"

"ஏன் ஏசுறாங்கள்? இதென்ன உங்கட சந்தையோ? எடுத்துப் போட்டு வாசலடியில நில்லுங்கோ. நான் வந்து காசு குடுக்கிறன்."

உள்ளே போனதும் எங்கள் கந்தோர்ப் பெரியவரின் மனைவியைக் கண்டேன். அவ்வளவுதான். உங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். எனக்கொரு கூடை எடுத்தவள் உங்களுக்கும் ஒன்று எடுத்துத் தந்திருக்கலாம். "இதுக்குள்ளதான் போடவேணும்" என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்த அம்மா என்னைக் காணாமல் போய்விடுவாவோ என்ற பதற்றம். சீ, என்ன மனுசி நான்!

நீங்கள் நான் சொன்னதை அப்படியே செய்தீர்கள். எடுத்தீர்கள், உங்கள் பன்பையில் போட்டீர்கள், வாசலடியில் போய் நின்றீர்கள். நான் அந்த அம்மாவுக்குப் பின்னால் காசு கொடுக்கிற வரிசையில் நிற்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. காவலுக்கு நின்ற ஆள் உங்கள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனேச்சரும் எழும்பி ஓடினார். உங்கள் பையை எல்லோர் முன்னாலும் மேசையில் கவிழ்த்தார்கள். ஒரு பால்மா ரின், என் சின்னவன் விரும்பித் தின்கிற விசுக்கோத்து, ஒரு தேயிலைப் பக்கற். எல்லாம் என் வீட்டுக்கு. உங்களுக்கென்று ஒரு சவர்க்காரக் கட்டிகூட இல்லை. அவற்றோடு சேர்ந்து உங்கள் வெற்றிலைப் பையும் விழுந்து, பாக்கு நிலத்தில் உருண்டது.

"நான் களவெடுக்கேல்லை ராசா. காசு குடுக்க எங்கட…" என்று தொடங்கி, கண்ணால் என்னைத் தேடினீர்கள்.

எனக்கு முன்னால் நின்ற அம்மா என் பக்கம் திரும்பி, "எங்கயிருந்தெல்லாம் வருகுதுகள், பாத்தீங்களோ?" என்றா. நான் சிரித்தேன். ஓம் மச்சாள், சிரித்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கண் என் முகத்துக்கு வந்தது. உடனே நான் தட்டிலிருந்த ஒரு தகரத்து ரின்மீனை எடுத்து, அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன்.

"ஆர் காசு குடுக்கிறது? ஆரோட வந்தனீங்கள்?" என்று மனேச்சர் அதட்டினார்.

அந்த ரின்னில் பிடித்திருந்த பொட்டுத் துருவை இன்றைக்கும் என்னால் கீறிக் காட்ட முடியும்.

"ஒருத்தரோடயும் இல்லை. தனியத்தான் வந்தனான்" என்றீர்கள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினீர்கள். அவர்கள் வாங்கவில்லை. இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் குனிந்து பாக்கைப் பொறுக்கிக்கொண்டு போனீர்கள். நான் வரிசையில் நின்று, காசு கொடுத்து, மிச்சம் வாங்கிக்கொண்டு, அவசரமில்லாமல் ஆறுதலாக வெளியே வந்தேன்.

கடைக்குப் பின்புறம், எங்கள் ஊருக்குள் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்கள், எறிந்த கோவா இலை பொறுக்கித் தின்கிற இடத்தில் எனக்காகக் காத்து நின்றீர்கள். ஏசுவீர்கள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"பயந்து போட்டியோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டீர்கள். "உன்ர கந்தோர் ஆக்கள் நிண்டவை எல்லோ. நீ கதைச்சிருக்க ஏலாதுதான். தம்பிக்கு இதைச் சொல்லிப்போடாத. அவன் கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்பான்."

நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். நீங்கள் சொன்னதற்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே ஒரு சாட்டு வைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதி!

அதற்குப் பிறகும் அரிசியோடு வந்தீர்கள், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தீர்கள், சிரித்தீர்கள். துறைமுக வீதிப் பக்கம் போனால் மட்டும் தெருவின் மற்றக் கரையில் நின்றுவிடுவீர்கள். "நீ வாங்கிக்கொண்டு வா. நான் இதில நிக்கிறன்." வெயிலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பீர்கள். "வாங்கோ மச்சாள், இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இவ என்ர மச்சாள்" என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள், தெருவில் நின்று உபசாரம் பேசினேன்.

காய்ச்சல் என்று படுத்த ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் தம்பி வந்தவர்களிடமெல்லாம், "என்ர அக்காவை இவள் சொந்த அக்கா மாதிரிப் பாத்தவள்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் குழறி அழுததைப் பார்த்து, பாசம் என்றார்கள். இன்றிரவு அவருக்கு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உங்களுக்குத் தலையாட்டிக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், மன்னியுங்கள். அவர் சண்டை பிடிக்கட்டும். கடையோடு அல்ல, என்னோடு.

நேற்றுக் கடை வாசலில், பைகளை வெளியே வைக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அது அன்றைக்கு உங்களுக்கு நடந்ததற்குப் பிறகு வந்த சட்டம். காவல்காரர் பன்பையை வாங்கி வாசல் ஆணியில் கொழுவினார். பருப்பு, சீனி, உழுந்து, நீங்கள் விரும்புகிற பனங்கட்டி என்று இரண்டு கூடை நிறைந்துவிட்டது. காசு வாங்குகிற பிள்ளை புதியவள். கூடைகளைப் பார்த்து, "தனியவோ வந்தனீங்கள்? எப்பிடித் தூக்குவீங்கள்?" என்று கேட்டாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். தெரிந்த முகங்களும் இருந்தன.

"இல்லைப் பிள்ளை, என்ர மச்சாளோட வந்தனான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை என் தோளுக்கு மேலால் எட்டி வாசலைப் பார்த்தாள். அங்கே உங்கள் பை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.