ஈர ரவிக்கை

புரட்டாசி, செவ்வாய் இரவு.

பிள்ளை பெற்று இன்று நாற்பத்தொன்பதாம் நாள். மூன்று மாதமாவது வீட்டில் இருக்க நினைத்திருந்தேன். ஆனால் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்கு நான்கு பேருக்கு மேல் ஆகாது. தீபாவளி சீசனில் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டால் பிறகு அவளை எழுப்ப முடியாது. காலையில் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. போர்மேன் பார்த்துவிட்டார்.

"என்ன தாயி, ஈரத்தோட இருக்கீக? அலுமினியப் பொடி கலந்த மருந்துல ஈரம் பட்டா சூடேறிப் பத்திக்கிடும்னு தெரியாதா?"

"தண்ணி சிந்திருச்சுண்ணே."

பொய் கூசாமல் வந்தது.

"வெளிய போயி காயவச்சிட்டு வாங்க."

வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சினேன். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து, மேலில் ஒட்டிய மருந்து போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். நாத்தனார் சொன்னாள்: "அம்புட்டு அழுகை மதினி. புட்டிப்பால் குடுத்துட்டேன்."

பாப்பா தூங்குகிறாள். எழுப்ப மனமில்லை. மறுபடியும் மார் கனக்கிறது. நாளைக்குத் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். போர்மேனுக்குத் தெரியாது.

மருந்துக்குத் தெரியாமல் இருக்குமா?