எழுகரையின் சூள் அங்கி

நாள் 9. காலை 08:15
நிலவின் தென்பகுதி, எழுகரை வளாகம், தையற்கூடம்.
பதிபவர்: கொர்னேலியா சவரிமுத்து, வயது 73, உடை மற்றும் ஆயுதப் பொறுப்பு.

காவலர் அங்கி பதினாறு முடிந்தது. நான்கைத் திருப்பி அனுப்பினேன். கழுத்து மடிப்பில் அங்குலத்துக்குப் பதினான்கு தையல் வேண்டும், பன்னிரண்டுதான் இருந்தன. ஏறக்குறைய சரி என்பதற்கு நான் தையல் கற்ற கான்வென்ட்டில் தவறு என்று பெயர். சிஸ்டர் பெனடிக்டா கத்தரியை நீட்டுவார். பிரித்துவிட்டு மறுபடி தைப்போம்.

இங்கே எடை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. துணி கீழே விழ மறுக்கிறது. நடந்தால் உப்பி எழுகிறது. எல்லா விளிம்பிலும் ஈயக் குண்டுகளை வைத்துத் தைக்கிறோம். கொடுக்கு வேலில் வேறு தொல்லை. கனம் கூட்டினால் வீச்சு மந்தமாகிறது, குறைத்தால் பொம்மையாகிவிடுகிறது. தேள் கொடுக்குபோல் வளைந்த முனையை மட்டும் இரும்பில் வார்த்து, தண்டை மூங்கிலாக்கினேன். சரியாக வந்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எழுகரை என்று ஒரு நாடு கிடையாது. பதினோரு நாவல்களில் மட்டும் இருக்கிறது. அதை இந்த எரிமலைக் குகைக்குள் வேலும் உடையும் சடங்குமாக அப்படியே எழுப்பிக்கொண்டிருக்கிறோம். அறுபதாம் நாள் திறப்பு விழா. நாவல்களின் அட்டையில் ஆசிரியர் என்று இருக்கும் பெயர் கிருபாகரன். அவரும் இங்கேதான் இருக்கிறார்.

நாள் 17. மாலை 16:40

கிருபாகரன் தையற்கூடத்துக்கு வந்தார். ராணியின் மேலங்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எப்படிம்மா இவ்வளவு துல்லியமா பிடிச்சீங்க? என் மனசுல இருந்தது அப்படியே வந்திருக்கு."

நன்றி என்றேன். அவர் பிடித்திருந்த அந்தக் கைப்பகுதியை முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தவள் நான். நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், என் கணவரைப் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். காபி வைத்த கையைப் பார்த்திருப்பார், முகத்தைப் பார்த்ததில்லை. இந்த வேலைக்கு, கணவர் பெயரை விட்டு அப்பாவின் பெயரைப் போட்டு விண்ணப்பித்தேன். அதற்குமேல் மறைத்துக்கொள்ள அவசியமே ஏற்படவில்லை.

என் கணவர் தைரியநாதன் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவர். எழுகரையின் கதை அவருடையது. உடையும் ஆயுதமும் சடங்கும் என்னுடையவை. பதினோரு நோட்டுகள். அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, தட்டச்சு செய்து தருகிறேன் என்று கிருபாகரன் எடுத்துப் போனார். நோட்டு திரும்பவில்லை. புத்தகங்கள் வந்தன. கோர்ட்டுக்குப் போனோம், வழக்கு நிற்கவில்லை. பத்திரிகைகளிடம் போனோம். பிரபல எழுத்தாளரின் படைப்புக்கு உரிமை கொண்டாடும் வாத்தியார் என்று எழுதினார்கள். பள்ளி அவரை வீட்டுக்கு அனுப்பியது. எட்டு மாதத்தில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஒரு மலர்வளையம் வந்தது. அதன் நாடாவில் பொன்னெழுத்து: "என் நெடுநாள் வாசகருக்கு, கிருபாகரன்."

அந்த நாடா என் பெட்டியில் இருக்கிறது. நிலவுக்குத் தனிப்பட்ட சாமான் இரண்டு கிலோதான் அனுமதி. அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

நாள் 28. காலை 09:05

பன்னிரண்டாவது நோட்டு ஒன்று உண்டு. சூள் அங்கியின் படம் முடியாததால் அது என் தையல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. கிருபாகரனுக்கு அது இருப்பதே தெரியாது.

சூள் என்றால் சபதம். எழுகரையில் முடிசூடுபவனை ஒரு திறப்பும் இல்லாத அங்கிக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். பதினோராவது நோட்டு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. முடிவைக் கிருபாகரனே எழுதினார்: மன்னன் கைகளை உயர்த்துகிறான், அங்கி கிழிந்து விழுகிறது, சபை ஆர்ப்பரிக்கிறது. படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. நான் வரைந்த தையல் கிழியாது.

உண்மையான முடிவு பன்னிரண்டில் இருக்கிறது. அங்கி தைத்தவர் சபை முன்னால் கேட்பார்: இந்த நாட்டைச் செய்தது யார்? தனக்கு முன்னால் அதைக் கட்டியவரின் பெயரை மன்னன் மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னால் தையல் பிரிக்கப்படும். சொல்லாவிட்டால் தையலை வெட்டும் கத்தி உறையிலேயே இருக்கும்.

மூன்று முறை என்பது என் யோசனை. ஒரு முறை போதாதா என்று என் கணவர் கேட்டார். ஒரு முறை பயத்தில் சொல்லிவிடலாம் என்றேன்.

நாள் 41. பகல் 11:30

கூட்டம். கிருபாகரன், பாதுகாப்புப் பொறியாளர் சம்சுதீன், நான்.

மன்னராக நடிப்பவர் கிருபாகரனே. சூள் மண்டபம் காற்றில்லாத பெரிய குகை. விருந்தினர் கண்ணாடி மாடத்துக்குப் பின்னால் காற்றோடு உட்காருவார்கள். விழா பூமிக்கு நேரலையாகப் போகும். குகைக்குள் மன்னரும் அங்கிக்காரியும் மட்டும், காற்றுடுப்போடு. அவருடைய காற்றுடுப்பின் மேல் அங்கியை வைத்துத் தைப்பேன். நூல் விண்கலக் கயிற்றின் இழை. என் வைரமுனைக் கத்தி மட்டுமே வெட்டும். அவர் கைகளை உயர்த்தும்போது நான் பின்னாலிருந்து வெட்ட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அவரே கிழித்ததாகத் தோன்றும்.

மாற்றுக் குப்பி மாட்டும் காற்றுக் குழாயின் வாயை அங்கி மூடிவிடுகிறது, அந்த இடத்தில் ஒரு ஜிப் வேண்டும் என்றார் சம்சுதீன். மடிப்புக்குள் மறைத்து வைத்துத் தருகிறேன் என்று நானும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

"எழுகரையில ஜிப் கிடையாது பாய். என் வாசகன் ஒவ்வொரு பொத்தானையும் எண்ணுவான்."

என்றார் கிருபாகரன். முதுகில் கூன் தெரியக்கூடாது என்று காற்றுக் குப்பியையும் சிறியதாக்கச் சொன்னார். தொண்ணூறு நிமிடக் காற்று மட்டும். மண்டபக் கதவுக்கு உள்பக்கம் நிஜமான கல்தாழ் வேண்டுமென்றார். சம்சுதீன் மறுப்பை எழுதிக் கொடுத்தார். கிருபாகரன் அதன்மேல் கையெழுத்துப் போட்டார்.

பூட்டு, சாவி, கதவு எல்லாம் அவர் கேட்டு வாங்கியவை. நான் தையல் மட்டும் போடுகிறேன்.

நாள் 59. மாலை 17:20

ஐந்தாவது ஒத்திகை. ஐந்திலும் சொன்ன நொடியில் வெட்டினேன். "கடிகாரம் மாதிரிம்மா நீங்க" என்று என் தோளைத் தட்டினார்.

இன்னும் அவருக்கு ஒரு வழி வைத்திருந்தேன். விழா உரையில் யாருக்காவது நன்றி சொல்வீர்களா என்று கேட்டேன். யோசித்தார். தன் வாசகர்களுக்கு என்றார்.

நாள் 60. காலை 10:00
தலைக்கவசக் குரல்பதிவு.

தைத்து முடித்தேன். கடைசி முடிச்சு போட்டாயிற்று. அவருடைய காற்று 11:30 வரை. என் குப்பி பெரியது. மாற்றுக் குப்பிகள் இரண்டும் மண்டபத்தில் என் பக்கச் சுவரில்.

10:22

உள்ளே வந்தோம். கல்தாழை நானே போட்டேன். ஈயக் குண்டுகளின் புண்ணியத்தில் அங்கி அழகாக விழுகிறது. இவ்வளவு நல்ல வேலையை நான் செய்ததில்லை.

10:40

கைகளை உயர்த்தினார். வெட்டவில்லை.

மறுபடி உயர்த்தினார். மாடத்தில் சிரிப்பு.

"அங்கிக்காரம்மாவுக்குக் கை நடுங்குது போல. வயசாயிடுச்சு, மன்னிச்சுடுங்க."

எல்லாருக்கும் கேட்கும் அலைவரிசையில் நான் கேட்டேன்: "இந்த நாட்டைச் செய்தது யார்?"

"நான்தான்" என்றார். கைதட்டல். சடங்கின் ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். சடங்கின் பகுதிதான்.

10:51

கற்படியில் உட்கார்ந்து கத்தியை உறையோடு மடியில் வைத்துக்கொண்டேன். விதியைச் சொன்னேன். மூன்று முறை, சபை கேட்க.

"யாரும்மா நீங்க?"

"காபியில சர்க்கரை கம்மியா போடச் சொல்லுவீங்க. மறந்துட்டீங்களா?"

கிட்டே வந்து என் முகக்கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"தைரியம் சார் வீட்டம்மாவா?"

முப்பத்திரண்டு வருடத்தில் இன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

11:03

சம்சுதீன் குறுக்கிட்டார். "மேடம், கதவை அறுக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அவருக்கு அரை மணிகூட இல்ல. வெட்டிடுங்க மேடம். கோர்ட்டு கேஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கோர்ட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம் என்றேன். அவர் நல்ல மனிதர். அவரைத் திட்ட எனக்கு மனமில்லை.

கிருபாகரன் தன் அங்கியை இழுத்துப் பார்த்தார். கொடுக்கு வேலை எடுத்து முனையால் நெம்பினார். ஒரு இழைகூட அசையவில்லை. என்மேல் பாய வந்தார். ஈய விளிம்பு காலைத் தட்டிவிட்டது. மெல்ல விழுந்தார். இங்கே எல்லாமே மெல்லத்தான் விழும்.

11:14

"அடுத்த பதிப்புல அவர் பேரும் சேர்ந்து வரும். முன்னுரையிலயே போடறேன். சத்தியமா."

நாடாவை வெளிப்பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் விரித்தேன். படித்தார். முகக்கண்ணாடி பனித்துவிட்டது.

11:21

முதல் முறை.

"தைரியநாதன்."

பூமியில் எத்தனை வீடுகளில் இந்தப் பெயர் இப்போது கேட்டிருக்கும்.

கத்தியை உறையிலிருந்து பாதி உருவினேன். இதைப் பதிய வேண்டும். பாதி உருவினேன்.

என் கணவராக இருந்தால் இந்த ஒரு முறைக்கே வெட்டியிருப்பார். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, காபி கொண்டு வா கொர்னி என்றிருப்பார். அதனால்தான் அவர் இப்போது கல்லறையில் இருக்கிறார்.

உறையில் தள்ளினேன்.

11:27

இரண்டாம் முறை. மூச்சுக்கு நடுவே, துண்டு துண்டாக. ஆனாலும் முழுப் பெயர். ஏற்றுக்கொண்டேன்.

"தைரிய... நாதன். தைரியநாதன் செஞ்சது. போதும்மா. வெட்டும்மா."

ஒரே மூச்சில் இரண்டு தடவை வந்ததே என்கிறார் சம்சுதீன். முதலாவது உடைந்த பெயர். உடைந்ததை எப்படி எண்ணுவது?

11:31

உதடு அசைகிறது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. விதியில் சபை கேட்க என்று இருக்கிறது. சபைக்கும் கேட்கவில்லை, மாடத்தைப் பார்த்தேன், யாரும் தலையசைக்கவில்லை. ஒரு பெண் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

11:34

அசைவு நின்றது. அங்கி நன்றாகப் படிந்திருக்கிறது. மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

11:52

கதவை அறுக்கிறார்கள். சத்தம் கல் வழியாகக் காலுக்கு வருகிறது.

சம்சுதீன் இப்போது என்னிடம் பேசுவதில்லை. வேறு யாரோ தொடர்ந்து கேட்கிறார்கள், மூன்றாவது முறை சொல்லிவிட்டாரா, சொல்லிவிட்டாரா என்று.

இரண்டு. பதிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்று அல்ல. இரண்டு.

கத்தி என் மடியில்தான் இருக்கிறது. காத்திருக்கிறேன்.