ஒரு பெட்டி, இரண்டு வீடு

ஓப்பநாயக்க,
2025 ஜூன் 9, திங்கள்

தம்பி ஏழுமலைக்கு,

நேற்று 'தூரத்துக் கப்பல்' ஓடிக்கொண்டிருந்தபோது நீ பாதியில் சேனலை மாற்றினாய். போன ஞாயிறும் மாற்றினாய். இது அநியாயம். டிஷ் என் கூரையில், அதன் பெட்டி உன் வீட்டில். சுவரைத் துளைத்து என் டீவிக்கும் வயர் இழுத்தபோது, ஞாயிறு ஏழு மணி என்னுடையது என்று பேசித்தானே இழுத்தோம்? அந்தப் பெண் கப்பல் சன்னலோரம் வந்து நிற்கிறாள். அடுத்த நொடி என் வீட்டில் குத்துப்பாட்டு!

அந்த நாடகத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. கப்பல் நட்சத்திரத்துக்குப் போகிறது, போகிறது, போய்ச் சேரக் காணோம். யாரும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. நம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பார்த்தால் அத்தனை பேருக்கும் அரைப்பேர் போட்டு, அரைச் சம்பளத்தோடு அனுப்பியிருப்பார். ஆனால் வானம் எவ்வளவு தூரம் என்று பழைய பேப்பரில் நானாக வாசித்ததைக் கண்ணுக்குக் காட்டியது அது ஒன்றுதான். தொடங்கியதைப் பாதியில் விடுகிறவனும் நான் இல்லை.

மன்னிப்புக் கேட்கும்வரை உன்னோடு பேச்சில்லை. எழுதுவது பேச்சில் சேராது. வயர் ஓட்டையில் இதைச் சொருகுகிறேன்.

அண்ணன்,
ராமச்சந்திரன்

*

10.06.2025

அன்புள்ள அண்ணே,

கும்பிட்டுக்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் காயிதம் எழுதுற ஆளு தோட்டத்துலயே நீங்க மட்டுந்தான். எம் பொஞ்சாதி இலட்சுமி விழுந்து விழுந்து சிரிக்கிறா.

அது என்னா நாடகம்ணே? அந்தப் பொம்பள கிளாஸ் கழுவ ஆரம்பிச்சா. நான் போய்ச் சோறு தின்னுட்டு வந்து பாக்குறேன், இன்னும் கழுவிக்கிட்டிருக்கா. தூக்கம் வந்துச்சு, பாட்டு வச்சேன். வேற ஒண்ணும் இல்ல.

இலட்சுமி சுட்ட ரொட்டி வருது. சாப்பிட்டுக் கோவத்த விடுங்க.

தம்பி,
ஏழுமலை

*

16.06.2025

தம்பி,

ரொட்டி நன்றாக இருந்தது. கோபம் போகவில்லை. நேற்றும் மாற்றினாய்.

தூக்கம் வந்தவன் டீவியை அணைப்பான், குத்துப்பாட்டு வைக்கமாட்டான். அதனால் நேற்று நான் படத்தைப் பார்க்கவில்லை, சுவரில் காதை வைத்தேன். கப்பலில் எல்லாரும் வாயை மூடியதும் உன் இருமல் கேட்டது. உடனே பாட்டு. பாட்டுக்குள்ளும் இருமினாய்.

அந்த இருமல் எனக்குத் தெரியும். அப்பாவும் போர்வையை வாயில் அமுக்கிக்கொண்டுதான் இருமினார். நமக்குத் தெரிந்தபோது இரத்தம் வந்துவிட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அவர் நடந்து திரும்பவில்லை.

நாளைக் காலை பஸ் ஏறு. என் மகள் கோகிலா உன்னோடு வருவாள். இதற்குப் பதில் எழுத வேண்டாம். போ.

அண்ணன்

*

இரத்தினபுரி ஆஸ்பத்திரி,
20.06.2025

அன்புள்ள அண்ணே,

போன் எடுத்தா பேச மாட்டீங்களே, அதான் கோகிலா கையில குடுத்தனுப்புறேன். உங்க மகளா அது? "சித்தப்பா, ஏறுறீங்களா, தூக்கிப் போடவா?"ன்னு பஸ் ஸ்டாண்டுல ஊரே பாக்கக் கத்துனா.

உண்மையச் சொல்றேன். ரெண்டு மாசமா இருமல். அப்பா நோய்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன். இலட்சுமிகிட்ட தொண்டக் கட்டுன்னு சொல்லி வச்சேன். உங்க காதுக்குத்தான் பயம். மத்த நாடகத்துல எல்லாம் கத்திக்கிட்டே இருப்பாங்க, இருமுனாலும் தெரியாது. இந்தப் பாழாப்போன கப்பல் காட்டிக் குடுத்துருச்சு.

எக்ஸ்ரே எடுத்தாங்க, சளியும் சோதிச்சாங்க. இன்னைக்குக் காலையில டொக்டர் மாத்தயா வந்து "மொகுத் நே, பய வென்ன எப்பா"ன்னாரு. ஒண்ணும் இல்ல, பயப்படாதேன்னு. நான் நம்பாம மறுபடி கேட்டேன். சிரிச்சாரு. காசம் இல்லண்ணே. பெக்டரித் தேயிலத் தூளும் பீடியும் பண்ணுன வேலை. செவ்வாய்க்கிழமை விடுறாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை கப்பல்ல என்னா நடக்குதுன்னு பாத்து எழுதுங்க.

தம்பி,
ஏழுமலை

*

ஓப்பநாயக்க,
23.06.2025

தம்பி ஏழுமலைக்கு,

இதையும் கோகிலா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதத்தை அவள் வாசித்துக் காட்டினாள். பிடுங்கி நானும் வாசித்தேன். 'காசம் இல்ல' என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ போனதிலிருந்து சரியாகத் தின்னாதவன் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சோறு தின்றேன்.

நேற்று நாடகத்தை யாரும் மாற்றவில்லை. முழுவதும் பார்த்தேன். கப்பல் போனது. அந்தப் பெண் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததும் நல்லதாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. பீடியை நீ விட வேண்டும். ஒளித்து வைத்த கட்டுகளை இலட்சுமி தேடி அடுப்பில் போட வேண்டும். மருந்து கொடுப்பது கோகிலாவின் வேலை. அவளிடம் உன் சாக்குப்போக்கு செல்லாது. நாளை நீ வரும் வழியில், பெல்மதுளைச் சந்தியில் நான் நிற்பேன். பையை நான் தூக்குவேன், நீ தடுக்கக் கூடாது. வயர் ஓட்டையை யாரும் அடைக்கக் கூடாது. ஞாயிறு ஏழு மணிக்கு நீ ரிமோட்டைத் தொடக் கூடாது. இருமல் வந்தால் சத்தமாக இரும வேண்டும்.

மன்னிப்பு இன்னும் பாக்கி நிற்கிறது. அதைச் சந்தியிலேயே நீ கேட்க வேண்டும். முதலில் வாய் திறக்க வேண்டியது நீ. "ம்" சொல்ல வேண்டியது நான்.

அண்ணன்,
ராமச்சந்திரன்